பன்னிரண்டரை மணி வெயில்

மொந்தேவிதேயோவில் யாரைக் கேட்டாலும்
அந்தி சாயும் இடத்தைத்தான் சொல்கிறார்கள்.
கலங்கரை விளக்கத்தடிக்குப் போ, எட்டரைக்குப் போ,
சூரியன் கழுவிய செம்பு மாதிரி இறங்கும் என்கிறார்
மீன் வெட்டும் எலாதியோ, கத்தியை நிறுத்தாமல்.

எனக்கு அந்தி வேண்டாம்.
கடைகள் ஷட்டர் இறக்கும் வேளை,
நின்ற பேருந்தின் அடியில் நாய்கள் போய்ப் படுக்கும் வேளை,
நிழல் தன் காலடியிலேயே சுருண்டுகொள்ளும்
அந்தப் பாழாய்ப்போன ஜனவரி நடுப்பகல் வேண்டும்.

கேமராவின் வயிற்றைத் திறந்து
கண்ணாடிச் சில்லொன்றை உருவியவர் நெல்சன்,
பல் மருத்துவர்களுக்கு எக்ஸ்ரே கருவி பழுது பார்ப்பவர்.
"இனி இது நீ பார்ப்பதைப் பார்க்காது" என்றார்.
கூலி, ஒரு கிலோ மாத்தே இலை.
அகச்சிவப்பு என்று பெயர்தான்.
சிவப்பு ஒரு சொட்டுகூடக் கிடையாது அதில்.

முதல் ஞாயிறு, கோட்டைக் குன்று.
வெற்றுக் கண்ணுக்கு வெயில் புழுதியில் கரைந்த துறைமுகம்
திரையில் கிரேன் கிரேனாக எழுந்து நின்றது.
சரிவெங்கும் புல், உப்புக் கொட்டினாற்போல.
நல்ல இடம் என்று குறித்துக்கொண்டேன்.
காற்று தொப்பியைக் கொண்டுபோனதையும்.

அடுத்தது கடற்கரைச் சாலை. வீண்.
கல், சிமெண்ட், மனிதர்கள். இலையே இல்லை.
குளிக்க வந்தவர்கள் முகமெல்லாம் மெழுகு,
கண் மட்டும் கருந்திராட்சை.
திரையில் தன்னைப் பார்த்து ஒரு குழந்தை வீறிட்டது.
அதன் அப்பா என்னைப் பார்த்த பார்வையைப் படிக்க
எந்த வடிகட்டியும் தேவைப்படவில்லை.
தண்ணீர் மைக்கறுப்பாகும் என்றிருந்தார் நெல்சன்.
ஆகவில்லை.
கடல் என்று நாங்கள் பொய் சொல்லிக்கொள்ளும் இந்த ஆறு
தன் சேற்றைச் சாம்பலாய்க் காட்டிக்கொடுத்தது.

லா தேஹாவில் ஒரு பந்தாட்ட மைதானம்.
ஊரிலேயே கண்ணைப் பறிக்கும் பச்சை அதுதான்.
திரையில் தார் ஊற்றியதுபோல் கிடந்தது.
"போன வருஷம்தான் பிளாஸ்டிக் விரித்தோம்"
என்றார் காவல்காரர், பெருமையாக.
மூலைக் குழாயடியில் ஒரு பிடிக் களை மட்டும்
வெள்ளை வெளேரென்று.

பிறகு புசேயோ கல்லறை,
ஆற்றைப் பார்த்துச் சரியும் மேடு.
சைப்ரஸ் மரங்கள் ஒரே கணத்தில் நரைத்தன.
வானம் கறுத்தது. இதுதான், இதுவேதான் என்று
முக்காலியை ஊன்றும்போது
சட்டகத்துக்குள் ஒரு வெள்ளை உடை நுழைந்தது.
நிமிர்ந்து பார்த்தேன்.
தலைமுதல் கால்வரை கறுப்பு.
கையில் நனைந்த செய்தித்தாளில் சுற்றிய கார்னேஷன்.

பெயர் சுல்மா. ஏழு வருஷமாகக் கறுப்பு.
சொல்லாமல் அழித்துவிடலாமா என்று யோசித்தேன்.
அதற்குள் அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டு
திரைமேல் குனிந்துவிட்டார்.
நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.
கீழே சாலையில் ஒரு மோட்டார் சைக்கிள் போய் முடிந்தது.

"கடைக்காரன் சாயம் போகாது என்று
சத்தியம் செய்தான்" என்றார்.
"அயோக்கியன்."

சாயம் போகவில்லை, கண்ணுக்கு எட்டாத வெளிச்சத்தை
அது திருப்பி அனுப்புகிறது என்று விளக்கப் பார்த்தேன்.
அவர் கேட்கவில்லை.
கல்லருகே தொட்டியில் ஒரு ஜெரேனியம்.
கண்ணுக்குப் பசுமைதான், திரையில் மங்கல்.
அதைக் காட்டினேன். உடனே தண்ணீருக்குப் போனார்.

குறிப்பேட்டில் எழுதினேன்:
புசேயோ. பன்னிரண்டரை. கிழக்கு வரிசை.
நிழல் இல்லை, குடிக்க ஏதாவது கொண்டுபோக வேண்டும்.

வாசலில் அவர் திரும்பி நின்று கத்தினார்:
"அடுத்த ஞாயிறும் வருவாய்தானே?
குடை ஒன்று இருக்கிறது.
அதுவும் கறுப்பு.
அதே கடை."